கோவையில் வாழ்ந்த ராபர்ட் வைட்

நம் குடியிருப்பில் போன்சாய் வளர்ப்பவர்கள் சிலர் உண்டு. ஊட்டிக்குப் போய் வரும்போது ஒரு பைன் கன்றைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைக்கலாமா என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கன்று எடுப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, எடுப்பது எந்த மரம் என்று முதலில் தெரிய வேண்டும். நீலகிரியில் நாம் பார்க்கும் பைன் மரங்கள் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பைனுக்கு உறவான கூம்பு மர வகையில் தென்னிந்தியக் காடுகளில் தானாக வளர்வது ஒன்றே ஒன்றுதான். அதற்கோ ஊசி இலை கிடையாது. இலை அகலமாக, நடு நரம்பே இல்லாமல் இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் உறவு சொல்லிவிட முடியாது.

இப்படி ஒவ்வொரு இலையையும் பூவையும் ஆராய்ந்து பெயர் எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வைட். 1842 முதல் 1853 வரை நம் கோவையில் வேலை பார்த்தவர்.

வைட் 1796இல் ஸ்காட்லாந்தில், 14 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் 12ஆவதாகப் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். 1819இல், 23 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை ராஜதானிக்கு வந்தார். ஓய்வு நேரத்தில் செடி சேர்க்கத் தொடங்கினார். 1826இல் அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. பிடித்த வேலையே உத்தியோகமாக அமைந்தது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் 1828இல் அந்தப் பதவியையே அரசு ரத்து செய்துவிட்டது. நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக அனுப்பினார்கள்.

அவர் ஓயவில்லை. சொந்தச் செலவில் ஆட்களை வைத்துச் செடி சேர்த்தார். ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் வெட்டி, தாள்களுக்கு இடையில் அழுத்தி, ஈரத் தாளை மாற்றி மாற்றி உலர்த்தி, எங்கே எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சணம், எப்போதும் பூச்சி. 1831இல் விடுப்பில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுபோனது சுமார் 1 லட்சம் மாதிரிகள். எடை 2 டன். வாக்கர் ஆர்னாட் என்ற நண்பருடன் சேர்ந்து அவற்றை ஆராய்ந்து, 1834இல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலின் முதல் பகுதியை வெளியிட்டார்.

இந்தியாவுக்குத் திரும்பிய சில ஆண்டுகளில் கோவை வந்தார். இங்கே அவர் உத்தியோகம் பருத்தி. இங்கிலாந்து ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டது. அமெரிக்கப் பருத்தி விதையையும், அதைப் பயிரிடத் தெரிந்த அமெரிக்கர்கள் சிலரையும் கம்பெனி வரவழைத்தது. வைட் பதினோரு வருடம் பாடுபட்டும் அந்தப் பயிர் நம் விவசாயிகளிடம் வேரூன்றவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே இனம் 'கம்போடியா' என்ற பெயரில் வந்து, கிணற்றுப் பாசனத்தில் செழித்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

உத்தியோகம் கைகொடுக்காத அதே வருடங்களில், அது போக மிச்சமிருந்த நேரத்தில் செய்த வேலைதான் நின்றது. 1838இல் தொடங்கி 1853இல் முடித்த படத் தொகுதியில் மொத்தம் 2,101 படங்கள். கல்லச்சில் சென்னையில் அச்சானவை. விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதால் வண்ணம் தீட்டவில்லை. நீலகிரிச் செடிகளுக்கென்று தனி நூலும் வெளியிட்டார்.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பூவின் உள்ளுறுப்புகளைப் பிரித்து, பெரிதாக்கி வரைந்த கைகள் அவை. இந்திய ஓவியர்களின் பெயரைப் பலரும் போடாத காலத்தில், வைட் படத்தின் அடியிலேயே அவர்கள் பெயரை அச்சிட்டார். ஓர் ஆர்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். பின்னாளில் ஆய்வாளர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற வைட், தன் செடித் தொகுப்பை 1871இல் கியூ தோட்டத்துக்குக் கொடுத்தார். மறுவருடம் காலமானார். மூட்டு வலிக்கு நம்மில் பலர் சாப்பிடும் யோகராஜ குக்குலுவில் சேரும் குக்குலு மரத்தின் அறிவியல் பெயரில் இன்றும் வைட் இருக்கிறார்.

லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் உலர் செடித் தொகுப்பு இருக்கிறது. வைட் தொடங்கியது போன்ற வேலை அங்கே இன்றும் நடக்கிறது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது கன்றை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். இலையின் இரு பக்கம், பூ, காய், மரப்பட்டை நான்கையும் போனில் படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்து வாருங்கள். மரத்தின் பெயர் கண்டுபிடிக்க அது போதும். போன்சாய்க்கு நர்சரியில் கன்று கிடைக்கும்.