செல்லின் அளவை ஆராய்ந்த ஜானகி அம்மாள்

யானையின் உடல் எலியின் உடலைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. ஆயினும் யானையின் செல்கள் அத்தனை மடங்கு பெரியவை அல்ல. எண்ணிக்கையிலேயே அவை மிகுந்துள்ளன. செல்லின் விட்டம் இரு மடங்கானால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்கும் கனஅளவு எட்டு மடங்கும் ஆகும். உணவும் உயிர்வளியும் மேற்பரப்பின் வழியே நுழைவதால், செல் எல்லையின்றிப் பருக்க இயலாது. எனினும் தாவரச் செல்களைப் பெரிதாக்கும் வழி ஒன்றுண்டு. அவ்வழியில் ஆய்வு செய்து புகழ்பெற்றவர் ஜானகி அம்மாள்.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தின் தலைச்சேரியில் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். திருமணமே பெண்ணின் முடிவெனக் கருதப்பட்ட அக்காலத்தில் அவர் கல்வியைத் தேர்ந்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்றுப் பயின்று, 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

கரும்பும் குரோமோசோமும்

1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகப் பணியாற்றினார். கரும்பு, பல தொகுதிக் குரோமோசோம்களை உடைய பன்மயத் தாவரம். இனிப்பு மிகுந்த கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள் உள்ளன. அதன் உறவான காட்டுக் கரும்பிலோ எண்ணிக்கை வகைக்கு வகை மாறுபடும். இவற்றை நுண்ணோக்கியில் எண்ணி ஒப்பிட்ட அவர், கரும்பை மக்காச்சோளத்துடனும் சோளத்துடனும் கலப்புச் செய்து ஆராய்ந்தார்.

போர்க்கால இங்கிலாந்தில்

1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றவரை உலகப்போர் அங்கேயே தங்கச் செய்தது. குண்டுவீச்சுக்கு இடையிலும் ஜான் இன்னஸ் நிலையத்தில் ஆய்வு தொடர்ந்தது. டார்லிங்டனுடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த நூலை 1945இல் வெளியிட்டார்.

பின்னர் விஸ்லி தோட்டத்தில் மேக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளை இட்டார். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் உள்ள நஞ்சு அது. செல் பிரியும்போது கதிர்இழைகள் உருவாகாமல் அது தடுக்கும். இரட்டித்த குரோமோசோம்கள் பிரிந்து செல்லாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். மரபுப்பொருள் பெருகவே உட்கரு பருக்கும். உட்கருவுக்கு ஏற்பச் செல்லும் பருக்கும். இலைத்துளையின் காப்புச் செல்கள் பெரிதாகும். இலையும் இதழும் தடிக்கும். ஆனால் இத்தகைய செடிகள் பல மெதுவாக வளர்வதும் விதை குறைவதும் உண்டு. எனவே, பெரியது எல்லாம் சிறந்தது அன்று. அவர் பெயர் தாங்கிய மேக்னோலியா வகையொன்று இன்றும் வெண்ணிறப் பூக்களைத் தருகிறது.

தாயகப் பணி

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். புதிய பயிர்களை உருவாக்கிய அவரே, இயற்கையாய் அமைந்த காட்டினங்களைக் காக்கவும் முனைந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீர்மின் திட்டத்தினின்று காக்கும் முயற்சிக்கு முதுமையிலும் துணைநின்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வைத் தொடர்ந்த அவர், 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார்.

சேர்வராயன் மலையை அடுத்த பொம்மிடியின் மாணவரும் கரும்பின் இலைத்தோலை உரித்துப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் இலைத்துளைகளைக் காணலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிற்றளவில் ஒரு பயிரின் வரலாறு எழுதப்பட்டிருப்பதை உலகுக்குக் காட்டிய பெருமை ஜானகி அம்மாளுக்கும் உரியது.