அம்பாத்துரை ஸ்டேஷனைத் தாண்டும்போது: டாக்டர் சௌந்திரம் அம்மாவை நினைப்போம்



சென்னைக்குப் போக நீங்கள் கொடை ரோட்டில் ரயில் ஏறியிருப்பீர்கள். அடுத்து வரும் சிறிய ஸ்டேஷன் அம்பாத்துரை. பல வண்டிகள் அங்கே நிற்பதில்லை. அதற்குப் பக்கத்தில்தான் சின்னாளபட்டியும் காந்திகிராமமும் இருக்கின்றன. சின்னாளபட்டி என்றால் சுங்குடிச் சேலை நினைவுக்கு வரும். காந்திகிராமம் என்றால் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்பே அங்கே ஒரு சின்ன மருத்துவமனையும் பள்ளியும் இருந்தன. அவற்றைத் தொடங்கிய அம்மையாரைப் பற்றி இந்த இதழில் எழுதக் காரணம் உண்டு. மலைக் கிராமப் பள்ளிகளுக்கு நம்மில் பலர் நோட்டுப் புத்தகம், சீருடை, பணம் என்று கொடுத்து வருகிறோம். கொடுத்தது என்ன ஆனது என்ற கேள்வியும் அவ்வப்போது எழுகிறது. நன்கொடையை வைத்து ஏழைக் கிராமத்தில் கல்விப்பணி நடத்துவது எப்படி என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் பாடம் டாக்டர் தி.சு. சௌந்திரம் அம்மாவின் வாழ்க்கை.

அவர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய அதே ஐயங்கார்தான். நம் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1955 ஏப்ரலில் அவர் காலமானது கொடைக்கானல் வீட்டில்தான்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும் சௌந்திரத்தின் இளமை சுகமாக அமையவில்லை. சிறு வயதிலேயே திருமணம் முடிந்தது. கணவர் மதுரையில் மருத்துவர். பிளேக் நோயாளிகளைக் கவனிக்கப் போய் அந்த நோய்க்கே பலியானார். அந்தக் காலத்தில் பிராமணக் குடும்பத்து இளம் விதவைக்கு வீட்டின் ஒரு மூலைதான் கதி. சௌந்திரம் மட்டும் படிக்கப் போனார். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936இல் மருத்துவரானார். அங்கே உடன் படித்த சுசீலா நய்யார் வழியாக காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது.

கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை அவர் மணக்க விரும்பியபோது வீட்டில் கடும் எதிர்ப்பு. சாதி வேறு, மொழி வேறு, அதிலும் மறுமணம். ஓராண்டு காலம் சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் இருந்து பாருங்கள் என்று காந்தி யோசனை சொன்னார். இருவரும் அப்படியே இருந்தார்கள். மனம் மாறவில்லை. 1940இல் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடந்தது.

இனி நன்கொடைக்கு வருவோம். 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா காலமானார். அவர் பெயரில் நாடெங்கும் நிதி திரட்டினார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அன்றைய மதிப்பில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்பது காந்தி வைத்த நிபந்தனை. தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பார்க்கும் பொறுப்பு சௌந்திரத்திடம் வந்தது.

அடுத்தவர் பணத்துக்குப் பொறுப்பேற்பது எவ்வளவு பெரிய சுமை என்று சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த நிதியில் நகரத்தில் ஒரு பெரிய கட்டடம் எழுப்பி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் கொடுத்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அவர் தேர்ந்தெடுத்தது சின்னாளபட்டிப் பக்கத்தை. 1946 பிப்ரவரியில் காந்தி மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் போனபோது, இந்தப் பகுதி மக்கள் அம்பாத்துரையில் பெருங்கூட்டமாகத் திரண்டு அவரைப் பார்த்தார்கள். மறு ஆண்டு, 1947 அக்டோபர் 7 அன்று, காந்திகிராமம் தொடங்கியது. சுற்றுவட்டார மக்களே 200 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தார்கள். நிதி எங்கிருந்தோ வந்தது, நிலம் உள்ளூரிலிருந்து வந்தது. அதனால் ஊருக்கும் அதில் பங்கு இருந்தது.

முதலில் வந்தது பள்ளி அல்ல, இரண்டே படுக்கை கொண்ட ஒரு சிறு மருத்துவ விடுதி. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராமல் இருக்கக் காரணம் படிப்பில் ஆசை இல்லாதது மட்டும்தானா? அம்மாவுக்குப் பிரசவம், தம்பி தங்கையைப் பார்க்க ஆள் இல்லை, காய்ச்சல் வந்தால் மருந்து இல்லை, ஆடு மேய்த்தால்தான் அன்றைய கஞ்சி. இவற்றை அப்படியே விட்டுவிட்டுக் கரும்பலகையை மட்டும் மாட்டினால் வகுப்பறை காலியாகத்தான் இருக்கும். மருத்துவரான சௌந்திரத்துக்கு இது தெரிந்திருந்தது. பிரசவம் பார்க்க இடம், குழந்தைகளுக்குப் பால்வாடி, ஆதாரப் பள்ளி, கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி, நூற்பும் நெசவும், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் என்று ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பணிகள் வளர்ந்தன. ஆதாரக் கல்வியில் பிள்ளைகள் புத்தகத்தோடு கைத்தொழிலும் கற்றார்கள்.

வெளியிலிருந்து வரும் பணம் என்றாவது ஒருநாள் நின்றுவிடும். இரண்டு வேலைகள் அதை ஓரளவு ஈடுகட்டின. ஒன்று, உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து அவர்களையே ஊழியர்களாக்கியது. மற்றொன்று, கதர், சித்த மருந்து போன்ற உற்பத்திகளை நிறுவனத்தின் பகுதியாகவே வளர்த்தது. காந்திகிராமத்து மருந்தை நம் வீடுகளில் சிலர் இன்றும் வாங்குகிறோம்.

அவர் கை பட்டு வளர்ந்தவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் மாவட்டத்து ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், சௌந்திரம் அம்மாவின் ஆதரவில் மதுரையில் தங்கிப் பட்டம் பெற்றார். பின்னாளில் கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு பெண்ணைப் படிக்க வைத்த செலவு எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

1956இல் காந்திகிராம ஊரக நிறுவனம் உருவானது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இடையில் சௌந்திரம் அரசியலிலும் இருந்தார். 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் வென்று சட்டமன்றம் போனார். 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் கிடைத்தது. 1967 தேர்தலில் தோற்றார். டெல்லியிலேயே தங்கிவிட அவருக்கு வழி இருந்திருக்கும். அவர் காந்திகிராமத்துக்கே திரும்பினார். 1984இல் மறையும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

உறுப்பினர்களே, நம்மால் காந்திகிராமம் கட்ட முடியாது. ஆனால் அடுத்த முறை ஒரு மலைக் கிராமப் பள்ளிக்கு உதவக் கேட்டு யாராவது வந்தால், பணத்தை எடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பங்காக என்ன கொடுக்கிறார்கள், இடமா, உழைப்பா, கூட்டத்துக்கு வரும் நேரமா? பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்க்கிறார்கள்? நாம் கொடுப்பதை நிறுத்தினால் அங்கே வேலை செய்ய உள்ளூரில் யார் இருக்கிறார்கள்? நல்ல பதில் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஒரு வருடம் மட்டும் கொடுத்துவிட்டு விலகிவிடாதீர்கள்.

நம் உறுப்பினர்களில் மூத்தவர்கள் சிலர் காந்திகிராமத்தில் படித்தவர்கள், சௌந்திரம் அம்மாவை நேரில் பார்த்தவர்கள். உங்கள் நினைவுகளை எழுதி அனுப்புங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். அடுத்த இதழில் வெளியிடுவோம்.