பாவுராவ் பாட்டீல்

பாவுராவ் பாயகோண்டா பாட்டீல் (செப்டம்பர் 22, 1887 – மே 9, 1959) மகாராட்டிரத்தைச் சேர்ந்த கல்வியாளரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். ஏழை, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இடைநிற்றலின்றிப் படிப்பதற்காக மாணவர் விடுதிகளையும் பள்ளிகளையும் நிறுவினார். ரயத் சிட்சண் சன்சுத்தா என்னும் கல்வி அமைப்பைத் தோற்றுவித்தவர் இவரே. மக்கள் இவரைக் கர்மவீரர் என்றும் அண்ணா என்றும் அழைத்தனர்.

இளமைக்காலம்

பாவுராவ் கோலாப்பூர் பகுதியிலுள்ள கும்போச் என்னும் ஊரில் சமணக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பாயகோண்டா, தாய் கங்காபாய். கோலாப்பூரில் இராசாராம் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்து, சமண மாணவர் விடுதியில் தங்கிப் பயின்றார். தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்ட மாணவர்களுக்கான விடுதியின் விழாவொன்றுக்குச் சென்று வந்த இவர், அதற்காகத் தீட்டுக் கழிக்கக் குளிக்க மறுத்தார். இதனால் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசாவின் ஆதரவு இவருக்குக் கிடைத்தது. சாகு மகாராசா பல்வேறு சாதி மாணவர்களுக்கு விடுதிகள் அமைத்து உதவியவர். அப்பணியும், சோதிராவ் புலே 1873 இல் தொடங்கிய சத்தியசோதக் சமாசத்தின் கருத்துகளும் பாவுராவின் சிந்தனையை உருவாக்கின.

உயர்நிலைப்பள்ளிப் படிப்பை இவர் நிறைவு செய்யவில்லை. சாத்தாராவில் மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் கற்பித்தார். பின்னர் ஒகலே கண்ணாடித் தொழிற்சாலையின் விளக்குகளையும் கிர்லோசுக்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளையும் ஊர் ஊராகச் சென்று விற்கும் பணியில் இருந்தார். இப்பயணங்களால் சிற்றூர் மக்களின் வறுமையையும் கல்வியின்மையையும் நேரில் அறிந்தார்.

ரயத் சிட்சண் சன்சுத்தா

1919 ஆம் ஆண்டு கராடு நகருக்கு அருகிலுள்ள காலே என்னும் ஊரில் இவ்வமைப்பைத் தொடங்கினார். ரயத் என்பது உழுகுடிகளைக் குறிக்கும் சொல். 1924 இல் இதன் தலைமையிடம் சாத்தாராவுக்கு மாற்றப்பட்டது.

அக்காலத்தில் பெரும்பாலான சிற்றூர்களில் உயர்நிலைப்பள்ளி இல்லை. மேற்கொண்டு படிக்க நகரத்திற்குச் செல்லவேண்டியிருந்தது. அங்கே தங்கவும் உண்ணவும் ஏழைகளிடம் பணம் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கோ பணம் இருந்தாலும் இடம் கிடைப்பது அரிது. எனவே, பள்ளிக் கட்டணத்தை நீக்குவது மட்டும் போதாது என்பதைப் பாவுராவ் உணர்ந்தார். உணவும் உறைவிடமும் தரும் விடுதியையே தம் கல்விப் பணியின் அடிப்படையாகக் கொண்டார்.

சாத்தாரா விடுதியில் எல்லாச் சாதி, மதப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினர். ஒன்றாகச் சமைத்து, ஒரே பந்தியில் உண்டனர். 1927 இல் மகாத்மா காந்தி இங்கு வருகை தந்தார். அவ்விடுதிக்குச் சத்ரபதி சாகு விடுதி எனப் பெயரிடப்பட்டது. 1932 ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தின் நினைவாகப் புனேயிலும் ஒரு விடுதி நிறுவப்பட்டது.

இலட்சுமிபாயின் பங்களிப்பு

பாவுராவின் மனைவி இலட்சுமிபாய் விடுதிப் பிள்ளைகளைத் தாயாக இருந்து கவனித்தார். உணவுப் பொருள் வாங்கப் பணம் இல்லாத வேளைகளில் தம் நகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இறுதியில் தாலியையும் கொடுத்தார். 1930 இல் அவர் காலமானார்.

உழைத்துக்கொண்டே கற்றல்

விடுதிகளின் செலவுக்குப் பாவுராவ் இரண்டு வழிகளைக் கையாண்டார். முதலாவது, வீடுதோறும் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி தானியத்தை ஒதுக்கி வைத்து விடுதிக்கு வழங்கும் முறை. இது தமிழ்நாட்டில் பிடியரிசி எனப்படுவதை ஒத்தது. இரண்டாவது, மாணவர்களின் உழைப்பு. வயல் வேலை, சமையல், கட்டட வேலை ஆகியவற்றை மாணவர்களே செய்து தம் படிப்புச் செலவை ஈடுசெய்தனர். இலவசமாகப் பெறுகிறோம் என்ற தாழ்வுணர்ச்சி பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்பதும் உடலுழைப்பு இழிவானதன்று என்பதும் இவருடைய கருத்துகளாகும். தன் கையே தனக்குதவி என்ற அடிப்படையில் அமைந்த கல்வியே அமைப்பின் குறிக்கோளாயிற்று.

பள்ளிகளும் கல்லூரிகளும்

ஆசிரியர்கள் இன்றிச் சிற்றூர்ப் பள்ளிகள் நிலைக்கா என்பதால் 1935 இல் சாத்தாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் சிற்றூர்களில் 500-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் நிறுவப்பட்டன. 1940 இல் மகாராசா சாயாசிராவ் உயர்நிலைப்பள்ளியும், 1947 இல் சாத்தாராவில் சத்ரபதி சிவாசி கல்லூரியும், 1954 இல் கராடு நகரில் காட்கே மகராச் கல்லூரியும் தொடங்கப்பட்டன.

1948 இல் மாநில அரசுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அமைப்பிற்கான அரசு மானியம் நிறுத்தப்பட்டது. விடுதிகளில் இருந்த பிள்ளைகளின் படிப்பு கேள்விக்குறியாயிற்று. பொதுமக்கள் துணை நின்றனர். பின்னர் மானியம் மீண்டும் வழங்கப்பட்டது.

சிறப்புகளும் மறைவும்

1959 இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. அதே ஆண்டு புனே பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. பாவுராவ் 1959 மே 9 அன்று காலமானார். அப்போது இவரது அமைப்பின் கீழ் 100-க்கும் மேற்பட்ட உயர்நிலைப்பள்ளிகளும் 38 விடுதிகளும் இயங்கின. 1988 இல் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. விழுதூன்றிப் பரவும் ஆலமரமே இவ்வமைப்பின் சின்னமாகும்.