வீழ்பொருளை அளந்த கலிலியோ

இத்தாலி நாட்டுப் பைசா நகரில் 1564ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் கலிலியோ பிறந்தார். தந்தையார் வின்சென்சோ இசைவல்லுநர். லூட் என்னும் நரம்புக் கருவியை இசைப்பதில் தேர்ந்தவர். இசை சிறந்த அவ்வில்லத்தில் செல்வம் சிறக்கவில்லை. மருத்துவத் தொழில் நல்ல வருவாய் தரும் என்றெண்ணித் தந்தையார் மகனை 1581இல் பைசாப் பல்கலைக்கழகத்திற் சேர்த்தார். மைந்தரின் உள்ளமோ கணிதத்தில் தோய்ந்தது. 1585இல் பட்டம் பெறாமலே அவர் வெளியேறினார். அங்ஙனம் வெளியேறியவரே 1589இல் அப்பல்கலைக்கழகத்திற்குக் கணிதப் பேராசிரியராக வந்தமை வியப்பன்றோ! 1592இல் பதுவா நகருக்குப் பெயர்ந்து, பதினெட்டாண்டுகள் ஆங்குக் கற்பித்தார்.

எடை மிக்க பொருள் விரைந்தும் எடை குறைந்த பொருள் மெல்லவும் வீழும் என்னும் அரிஸ்டாட்டிலின் கொள்கையையே அக்காலத்து அறிஞர் வழிவழியாக ஓதி வந்தனர். கலிலியோ அதனை ஐயுற்றார். பைசாவின் சாய்ந்த கோபுரத்தினின்று அவர் குண்டுகளை விடுத்துக் காட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. அவர்தம் மாணாக்கர் விவியானி எழுதி வைத்த செய்தி அது. ஆராய்ச்சியாளர் பலர் அதனை உறுதியாகக் கொள்வதில்லை. அக்கதையினும் சிறந்தது அவர் மெய்யாகவே செய்த மற்றொரு சோதனை.

வீழும் பொருள் கண்ணிமைப்பதற்குள் தரையை அடைந்துவிடும். நொடியைப் பகுத்துக் காட்டும் கடிகாரமோ அந்நாளில் இல்லை. பின்னர் எங்ஙனம் அளப்பது? வீழ்ச்சியையே மெதுவாக்கினால் அளக்கலாமன்றோ? ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றில் நேரான பள்ளம் வெட்டி, அதனுள் வழவழப்பான தோற்றாளை ஒட்டி, ஒரு முனையை உயர்த்திச் சாய்தளமாக்கினார். மெருகிட்ட வெண்கலக் குண்டு அப்பள்ளத்தில் உருண்டது. பெரிய கலத்தின் அடியில் மெல்லிய குழாயைப் பொருத்தி, குண்டு உருளும் நேரத்தில் ஒழுகிய நீரை ஏந்தித் துலாக்கோலில் நிறுத்தார். நீரின் எடையே காலத்தின் அளவாயிற்று. நூறுமுறை செய்து பார்த்தும் முடிவு மாறவில்லை.

அம்முடிவு யாது? குண்டு முதற் கால அளவில் ஒரு சாண் கடந்ததாயின், அடுத்த அதே கால அளவில் 3 சாண், அதற்கடுத்து 5, பின்னர் 7 எனக் கடந்தது. கூட்டிப் பாருங்கள்: 1, 4, 9, 16. காலம் இரட்டித்தால் தொலைவு நான்கு மடங்காகும்; காலம் மும்மடங்கானால் தொலைவு ஒன்பது மடங்காகும். வேகம் ஒரே சீராக வளர்வதே இதன் காரணம். அவ்வளர்ச்சியை இன்று சீரான முடுக்கம் என்கிறோம். காற்றின் தடை இல்லையேல் இறகும் இரும்பும் ஒருங்கே வீழும் என்பதும் பெறப்பட்டது. 1971இல் நிலவில் நின்ற டேவிட் ஸ்காட் என்னும் விண்வெளி வீரர் சுத்தியலையும் வல்லூற்றின் இறகையும் ஒருசேர விடுத்து அதனைக் கண்கூடாகக் காட்டினார்.

இயக்கத்திற்கு அளவு மட்டுமன்றித் திசையும் உண்டு. மேசை விளிம்பினின்று உருண்டு விழும் குண்டினிடத்து இரண்டு இயக்கங்கள் உள்ளன. ஒன்று கிடையாகச் சீராய்ச் செல்வது; மற்றொன்று முடுக்கமுற்றுக் கீழே வீழ்வது. ஒன்றை மற்றொன்று தடுப்பதில்லை. இரண்டும் கூடிய பாதையே பரவளைவு என்று கலிலியோ நிறுவினார்.

புவி ஞாயிற்றைச் சுற்றுகிறது என்னும் கொள்கையை ஆதரித்து 1632இல் அவர் வெளியிட்ட நூல் பெருந்துன்பம் விளைத்தது. அடுத்த ஆண்டே உரோம் நகரத்துச் சமய நீதிமன்றம், அறுபத்தொன்பது அகவை முதியவரை முழந்தாளிட்டு அக்கொள்கையைக் கைவிடுவதாகக் கூறச் செய்தது. பின்னர் ஃபுளாரன்சை அடுத்த ஆர்செத்ரியில், தம் இல்லத்திலேயே சிறையிருந்தார். 1634இல் அன்பு மகள் மரியா செலஸ்தேயையும் இழந்தார். அத்துயரினிடையே பதுவாவில் செய்த சோதனைகளின் குறிப்புகளை எடுத்து, இயக்கத்தைப் பற்றிய தம் பெருநூலை எழுதி முடித்தார். அவர் நூல்களை அச்சிடத் தடை இருந்தமையால், அது ஹாலந்து நாட்டு லைடன் நகரில் 1638இல் அச்சேறியது. அதற்குள் அவர் இரு கண்களும் ஒளியிழந்துவிட்டன. அச்சில் வந்த தம் நூலை அவர் கண்ணாற் கண்டிலர். 1642 சனவரி 8இல் உயிர் நீத்தார். ஃபுளாரன்சு நகரின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் ஒதுக்குப்புறமான சிற்றறை ஒன்றில் அடக்கம் பெற்ற அவருடல், 1737இல்தான் அவ்வாலயத்துள் எடுப்பித்த சிறப்புக் கல்லறைக்கு மாற்றப்பட்டது.