பெஸ்ஸி கோல்மன் அம்மையார்

1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கிழக்குக் கடற்கரையில் உள்ள மணல்வெளி ஒன்றில், ரைட் சகோதரர் இருவரும் தாம் கட்டிய விமானத்தை வானில் எழச் செய்தனர். முதன்முறை அது பன்னிரண்டு விநாடிகளே பறந்தது. பறவையைப் போலத் தானும் பறக்க வேண்டும் என்று மனிதன் நெடுங்காலம் கண்டுவந்த கனவு அன்று நனவாயிற்று. அந்நாளில் அதே நாட்டின் தென்பகுதியில், டெக்ஸாஸ் மாநிலத்தின் பருத்தி நிலங்களிடையே, பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி வாழ்ந்துவந்தாள். தங்கையரைப் பேணுவதும், பருவம் வந்தால் நீண்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பருத்தி எடுப்பதும் அவளுடைய அன்றாட வேலைகள். அச்சிறுமியே, பின்னாளில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்டிருள் முதன்முதலாக விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற பெஸ்ஸி கோல்மன்.

பெஸ்ஸி 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள், டெக்ஸாஸ் மாநிலத்து அட்லாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜார்ஜ் கோல்மன், சூசன் என்போர் அவருடைய பெற்றோர். அவர்கள் பெற்ற மக்கள் பதின்மூவருள் பெஸ்ஸி பத்தாமவர். தந்தையின் குடிவழியில் அமெரிக்கப் பழங்குடி மக்களின் குருதியும் கலந்திருந்தது. பெஸ்ஸிக்கு இரண்டு வயது ஆனபோது அக்குடும்பம் வாக்ஸஹாச்சி என்னும் ஊரில் குடியேறியது.

அந்நாளைய நிலையை ஈண்டு அறிதல் வேண்டும். அமெரிக்காவில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தென் மாநிலங்களில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு ஒரு பள்ளி. புகைவண்டியில் அவர்க்கு ஒரு பெட்டி, இவர்க்கு ஒரு பெட்டி. வாக்களிக்கும் உரிமையும் பல சூழ்ச்சிகளால் கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தின் வாயிலையே காணாமல் கும்பலின் கையில் உயிரிழந்தோர் பலர். இக்கொடுமைகளால் மனம் சலித்த தந்தை, 1901-ஆம் ஆண்டில், பழங்குடி மக்களுக்கென விடப்பட்டிருந்த ஓக்லஹோமாப் பகுதிக்குப் புறப்பட்டார். தாய் உடன் செல்ல இசையவில்லை. அன்று முதல் குடும்பத்தின் சுமை முழுவதும் அவ்வம்மையின் தோள்மீது விழுந்தது. அவர் வெள்ளையர் வீடுகளில் சமையல் வேலை செய்து மக்களைக் காத்தார்.

கறுப்பினக் குழந்தைகளுக்கு இருந்தது ஓர் அறைப் பள்ளி. அதற்குப் பெஸ்ஸி நாலு மைல் நடந்து செல்வார். பருத்தி வெடிக்கும் பருவத்தில் அப்பள்ளியின் கதவு அடைக்கப்படும். ஆசிரியரைத் தவிர அனைவரும் நிலத்தில் இருப்பர். பெஸ்ஸிக்குப் பருத்தி எடுக்கும் வேலையில் சிறிதும் விருப்பம் இல்லை. ஆனால் கணக்கில் அவர் வல்லவர். ஆகவே குடும்பத்தினர் எடுத்த பருத்தி தராசில் நிறுக்கப்படும்போது, எடையும் கூலியும் சரியாக உள்ளனவா என்று பார்க்கும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. ஏழைக் குடும்பத்திற்கு அது சிறிய உதவி அன்று. தாய் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் மக்கள் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். பெஸ்ஸி துணி வெளுத்து ஈட்டிய பொருளைத் தமக்கே சேர்த்து வைத்துக்கொள்ள விட்டதும் அத்தாயே.

அச்சேமிப்பைக் கொண்டு 1910-ஆம் ஆண்டில் பெஸ்ஸி, ஓக்லஹோமா மாநிலத்து லாங்ஸ்டன் நகரில் கறுப்பின மாணவர்க்கென அமைந்திருந்த கல்லூரியில் சேர்ந்தார். ஒரு பருவம் முடிவதற்குள் கையிருப்பு தீர்ந்தது. மீண்டும் வாக்ஸஹாச்சி, மீண்டும் பிறர் வீட்டு அழுக்குத் துணிகள். 1915-ஆம் ஆண்டில், இருபத்து மூன்றாம் வயதில், அவர் வடக்கே சிகாகோ மாநகரில் வாழ்ந்த தம் தமையன்மாரிடம் சென்று சேர்ந்தார். அங்கு ஒரு முடிதிருத்தும் நிலையத்தில், வருவோரின் கைந்நகங்களைத் திருத்தி அழகுபடுத்தும் தொழிலை மேற்கொண்டார்.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் அவருடைய தமையன் ஜான், பிரான்சு நாட்டிற்குச் சென்று பணியாற்றித் திரும்பியிருந்தார். ஒரு நாள் அவர் முடிதிருத்தும் நிலையத்திற்கு வந்து, பிரெஞ்சுப் பெண்களின் பெருமையைப் பேசித் தங்கையைச் சீண்டினார். அந்நாட்டுப் பெண்கள் விமானமே ஓட்டுகின்றனர் என்றும், சிகாகோவில் இருக்கும் கறுப்பினப் பெண்களுக்கு அது ஒருநாளும் கைகூடாது என்றும் நகைத்தார். அவர் கூறியதில் முற்பகுதி மெய்யே. ரேமோன் த லாரோஷ் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி 1910-ஆம் ஆண்டிலேயே விமானி உரிமம் பெற்றிருந்தார். பிற்பகுதி பெஸ்ஸியின் நெஞ்சில் தைத்தது. அண்ணன் விளையாட்டாக எறிந்த சொல்லைத் தங்கை விளையாட்டாகக் கொள்ளவில்லை.

அவர் அமெரிக்க விமானப் பள்ளிகளை நாடினார். எல்லா வாயில்களும் அடைபட்டிருந்தன. பெண் என்பது ஒரு தடை. கறுப்பினத்தவர் என்பது மற்றொரு தடை. கறுப்பின விமானி எவரேனும் கற்பிப்பாரோ எனில், அதற்கும் வழி இல்லை. அந்நிலையில் சிகாகோ டிஃபண்டர் என்னும் செய்தித்தாளை நடத்திய ராபர்ட் அபட் என்பார் நல்லதொரு வழி காட்டினார். பிரான்சு நாட்டில் நிறத்தடை இத்துணைக் கடுமையாக இல்லை. ஆதலின் அங்குச் சென்று கற்குமாறும், அதற்கு முன் பிரெஞ்சு மொழியைப் பயிலுமாறும் அவர் அறிவுறுத்தினார். பெஸ்ஸி ஓர் உணவு விடுதியின் மேற்பார்வை வேலையை ஏற்றுக் கூடுதல் பொருள் ஈட்டினார். மொழிப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு கற்றார். அபட் அவர்களும் வங்கியாளர் ஒருவரும் பொருளுதவி செய்தனர். 1920-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெஸ்ஸி கப்பலேறினார்.

பிரான்சின் வடபகுதியில், சொம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், லெ க்ரொத்துவா என்னும் ஊர் உள்ளது. அங்குக் கோத்ரோன் சகோதரர் நிறுவிய விமானப் பள்ளியில் அவர் சேர்ந்தார். பயிற்சிக்குக் கிடைத்தது நியூபோர்ட் வகை விமானம். அதற்கு மேலும் கீழுமாக ஈரடுக்குச் சிறகுகள், மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் போர்த்திய துணி. இக்கால விமானங்களில் உள்ள கண்ணாடிக் கூண்டோ, காற்றை மறைக்கும் சுவரோ அதில் இல்லை. சக்கரங்களுக்குத் தடைக்கருவி கிடையாது. தரையில் இறங்கியபின் வால்பகுதியில் உள்ள கட்டை நிலத்தில் உராய்ந்து வண்டியை நிறுத்த வேண்டும். கையில் ஓர் இயக்குகோல், காலடியில் சுக்கானைத் திருப்பும் சட்டம். இவ்விரண்டே ஓட்டுவோர்க்குத் துணை. எஞ்சினின் பேரொலியில் ஆசிரியர் சொல்வது காதில் விழாது. அவர் கையசைவைக் கண்டே குறிப்பறிய வேண்டும். உடன் பயின்ற மாணவர் ஒருவர் விமானம் வீழ்ந்து மாண்டதைப் பெஸ்ஸி தம் கண்ணாலேயே கண்டார். கண்டும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை.

ஏழு திங்கள் பயின்றபின், 1921-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் உரிமம் அவருக்கு வழங்கப்பட்டது. வட்டமிட்டும், எட்டு என்னும் எண்ணின் வடிவில் வளைந்தும் பறத்தல், எஞ்சினை நிறுத்திவிட்டுக் குறித்த இடத்தின் அருகே இறங்குதல் ஆகியன அதற்குரிய தேர்வுகள். அவ்வுரிமத்தில் அவர் பிறந்த ஆண்டு 1896 என்று குறிக்கப்பட்டுள்ளது. தம் அகவையில் நான்கு ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னவரும் அவரே! வீரமிக்கோரிடத்தும் இத்தகைய சிறு பலவீனங்கள் உண்டு போலும்.

அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் நகருக்குத் திரும்பியபோது செய்தியாளர் பலர் அவரைச் சூழ்ந்தனர். புகழ் வந்தது, பிழைக்கும் வழி வரவில்லை. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானத் தொழில் அந்நாளில் முளைவிட்டிருந்ததே அன்றி வளரவில்லை. ஆதலின் விமானிகள் பலர் ஊர்தோறும் சென்று, வானில் குட்டிக்கரணம் இட்டும் தலைகீழாகப் பறந்தும் மக்களை மகிழ்வித்துப் பொருள் ஈட்டினர். பெஸ்ஸியும் அவ்வழியை மேற்கொள்ளத் துணிந்து, 1922-ஆம் ஆண்டில் மீண்டும் ஐரோப்பா சென்று உயர் பயிற்சி பெற்று வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த கர்ட்டிஸ் விமானத் திடலில், போரில் புகழ் ஈட்டிய கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றன் வீரர்களைப் போற்றும் விழாவில், அமெரிக்க மக்கள் முன் முதன்முறையாகப் பறந்து காட்டினார்.

வித்தை காட்டிப் பொருள் சேர்ப்பதோடு அவருடைய நோக்கம் நின்றுவிடவில்லை. கறுப்பின இளைஞரும் பெண்டிரும் விமானம் ஓட்டக் கற்பதற்கு ஒரு பள்ளி நிறுவ வேண்டும் என்பதே அவர் உள்ளத்தில் வேரூன்றிய எண்ணம். தாம் பிரான்சு வரை தேடிச் சென்ற கல்வி, தம் மக்களுக்கு அவர்கள் பிறந்த நாட்டிலேயே கிடைக்க வேண்டும் என்று அவர் விழைந்தார். அதற்குப் பெரும்பொருள் வேண்டும். பொருள் வரும் வழிகளோ சிலவே. அவற்றுள்ளும் சிலவற்றை அவர் தாமே மறுத்தார்.

திரைப்பட நிறுவனம் ஒன்று அவரை வைத்துப் படம் எடுக்க முன்வந்தது. அவரும் மகிழ்ந்து இசைந்தார். முதற்காட்சியில் கந்தல் உடுத்து, கையில் கோலும் முதுகில் மூட்டையுமாக நகருக்கு வரும் அறியாத பெண்ணாகத் தோன்ற வேண்டும் என்று அறிந்ததும், அவர் அப்படத்தைவிட்டு வெளியேறினார். தம் இனத்தாரை இழிவாகக் காட்டிப் பிறர் நகைக்கும் வழக்கத்திற்குத் தாமும் துணைபோக அவர் விரும்பவில்லை. ஒப்புக்கொண்ட பின் விலகினார் என்று கறுப்பின இதழாளரே குறை கூறினர். அக்குறையில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அவ்வேடத்தைப் பூண்டு ஈட்டிய பொருளால் எழும் பள்ளியில், மாணவர்க்குத் தன்மதிப்பை எங்ஙனம் கற்பிப்பது?

1923-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. போர் முடிந்தபின் மலிவாக விற்கப்பட்ட ஜென்னி வகைப் பழைய விமானம் ஒன்றைக் கலிபோர்னியாவில் வாங்கினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் வருகையை நோக்கி மக்கள் காத்திருக்க, அங்குச் செல்லப் புறப்பட்ட விமானம் எழுந்த சிறிது நேரத்திலேயே எஞ்சின் நின்று தரையில் மோதியது. கால் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன, விமானம் உருக்குலைந்தது. காத்திருந்தோருள் சிலர் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டனர். பெஸ்ஸியோ மருத்துவமனையிலிருந்து, தாம் நடக்கத் தொடங்கியதும் மீண்டும் பறக்கப்போவதாகத் தந்தி அனுப்பினார்.

 1925-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் அவர் பறந்து காட்டினார். அடிமைகள் விடுதலை பெற்ற செய்தி அம்மாநிலத்தில் அறிவிக்கப்பட்ட நாளாதலின், அது கறுப்பின மக்களுக்குத் திருநாள். பின்னர், தாம் பருத்தி எடுத்து வளர்ந்த வாக்ஸஹாச்சியிலும் அவர் பறக்க ஏற்பாடாயிற்று. வெள்ளையர்க்கு ஒரு வாயில், கறுப்பர்க்கு ஒரு வாயில் என அங்கு அமைக்க இருந்தனர். ஒரே வாயில் வழியாக யாவரையும் விட்டாலன்றித் தாம் பறப்பதில்லை என்று பெஸ்ஸி உறுதியாக நின்றார். நெடிய பேச்சுக்குப்பின் அவர்கள் இணங்கினர். உள்ளே இருக்கைகள் வேறு வேறாகவே இருந்தன. அதையும் மாற்றும் ஆற்றல் ஒரு விமானிக்கு அன்று இருக்கவில்லை. ஆயினும் அவ்வூரில் வாயில் ஒன்றாயிற்று.

கோயில்களிலும் பள்ளிகளிலும் நாடக அரங்குகளிலும் அவர் சொற்பொழிவாற்றினார். புளோரிடா மாநிலத்து ஒர்லாண்டோ நகரில் பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்று தொடங்கினார். யாவும் அப்பள்ளிக்காகவே. செல்வர் ஒருவர் உதவியால் டல்லஸ் நகரில் பழைய ஜென்னி விமானம் ஒன்றை வாங்கி முடித்தார். இருபத்து நான்கு வயதினரான வில்லியம் வில்ஸ் என்னும் இயந்திர வல்லுநர், அதனை ஜாக்சன்வில் நகருக்கு ஓட்டி வந்தார். வழியில் பழுதால் அது மூன்று முறை தரையிறங்க நேர்ந்தது. நல்ல விமானம் வாங்க வசதியில்லாதவர் வேறு என் செய்வார்?

1926-ஆம் ஆண்டு மே முதல் நாள் அங்கு நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தது. முந்திய நாள் காலை, வில்ஸ் விமானத்தை ஓட்ட, பெஸ்ஸி பின்னிருக்கையில் அமர்ந்தார். மறுநாள் பாராசூட்டில் குதிப்பதற்கு ஏற்ற இடத்தை எட்டிப்பார்க்க வேண்டியிருந்ததால், அவர் இருக்கை வாரைப் பூட்டிக்கொள்ளவில்லை. பறக்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் விமானம் திடீரெனத் தலைகுப்புறப் பாய்ந்து சுழன்றது. பெஸ்ஸி வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் துறந்தார். வில்ஸும் விமானத்தோடு வீழ்ந்து மாண்டார். பின்னர் ஆராய்ந்தபோது, மறந்து விடப்பட்ட ஸ்பானர் ஒன்று இயக்கும் பொறியில் சிக்கியிருந்தது தெரியவந்தது. அப்போது பெஸ்ஸிக்கு அகவை முப்பத்து நான்கு.

வெள்ளையரின் செய்தித்தாள்கள் சில, வில்ஸின் மறைவையே பெரிதாக எழுதிப் பெஸ்ஸியைப் பற்றிச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் ஜாக்சன்வில், ஒர்லாண்டோ, சிகாகோ ஆகிய மூன்று நகரங்களிலும் பல்லாயிரம் மக்கள் கண்ணீரோடு திரண்டனர். சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்கில், கறுப்பினத்தாரின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஐடா வெல்ஸ் அம்மையார் முன்நின்றார். நகரை அடுத்த லிங்கன் இடுகாட்டில் பெஸ்ஸியின் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தாம் எண்ணிய பள்ளியை அவர் காணவில்லை. எனினும் 1929-ஆம் ஆண்டில் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெஸ்ஸி கோல்மன் பெயரால் ஒரு விமானக் கழகம் தொடங்கினார். கறுப்பின ஆடவரும் பெண்டிரும் அங்குப் பறக்கக் கற்றனர். சிகாகோவில் வில்லா பிரவுன் என்னும் பெண்மணி, 1938-ஆம் ஆண்டில் விமானி உரிமம் பெற்றுப் பலருக்குப் பயிற்சி அளித்தார். அங்ஙனம் பயின்றோருள் சிலர், இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற டஸ்கீகி விமானப் படையினர் ஆயினர். 1992-ஆம் ஆண்டில் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்மணியான மே ஜெமிசன், பெஸ்ஸியின் படம் ஒன்றைத் தம்முடன் விண்கலத்தில் எடுத்துச் சென்றார். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

இவற்றுள் பலவற்றுக்கும் முன்பே, 1931-ஆம் ஆண்டில், சிகாகோவின் கறுப்பின விமானிகள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். அவர்கள் லிங்கன் இடுகாட்டின் மேல் தாழப் பறந்து, பெஸ்ஸியின் கல்லறைமீது வானிலிருந்து மலர்களைத் தூவிச் சென்றனர்.