மருந்துப் பெட்டியைத் தொலைத்த மருத்துவர்



கொய்னா மருந்தைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேரைச் சொன்னாலே முகத்தைச் சுளிப்பார்கள். அவ்வளவு கசப்பு! மலாயாவில் காடு வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சல் நம் பாட்டாளிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோனது. அந்தக் கசப்பைக் குடித்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்.

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஆஸ்பத்திரியோ டிரஸ்ஸரோ இல்லாத ஆப்பிரிக்கக் காட்டில், அதே மருந்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நடந்தார் ஒரு மனிதர். அவர்தாம் டாக்டர் டேவிட் லிவிங்ஸ்டன். அவருடைய கதையைக் கேளுங்கள்.

1813ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் பிளான்டயர் என்ற ஊரில் அவர் பிறந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறைதான் வீடு. நம் பழைய லயத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் ஆலைக்குள் நுழைந்தார். காலை ஆறு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வர முடியும். முதல் வாரச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து என்ன வாங்கினார் தெரியுமா? மிட்டாய் இல்லை, இலத்தீன் இலக்கணப் புத்தகம்! அதை நூற்கும் இயந்திரத்தின் மேல் விரித்து வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு வரியாகப் படித்தார். எட்டு மணிக்கு மேல் இரவுப் பள்ளி. பிறகு கோடையில் ஆலை வேலை, குளிர்காலத்தில் கிளாஸ்கோவில் மருத்துவப் படிப்பு. இப்படியே 1840இல் டாக்டர் ஆனார். சமய ஊழியராகவும் மருத்துவராகவும் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே முதலில் அவருக்கு வந்த நோயாளி யார் என்று நினைக்கிறீர்கள்? பல பேர். ஆனால் மறக்க முடியாத நோயாளி அவரேதான். 1844இல் மபோட்சா என்ற இடத்தில் ஒரு சிங்கம் பாய்ந்து அவருடைய இடது மேற்கையைக் கவ்வி எலும்பை நொறுக்கிவிட்டது. பதினோரு பல் காயங்கள்! மெபால்வே என்ற ஆப்பிரிக்கத் தோழர் குறுக்கே வந்திராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். எலும்பைச் சேர்த்துக் கட்ட வேறு டாக்டர் ஏது? பழக்கமில்லாதவர்களை வைத்துக்கொண்டு, இப்படிப் பிடி, அப்படிக் கட்டு என்று அவரே சொல்லிக் கட்ட வைத்தார். எலும்பு ஒழுங்காகச் சேரவில்லை. அந்தக் கையைக் கடைசிவரை சரியாக உயர்த்த முடியவில்லை. இந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அந்நாட்டு வைத்தியர்களை அவர் ஏளனம் செய்யவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளியிடம் குறுக்கே போய் நிற்கவும் மாட்டார். அவர்கள் கைவிட்டவர்களையே பெரும்பாலும் தாம் எடுத்துப் பார்த்தார்.

1853இல் 27 மகொலோலோ ஆட்களோடு மேற்குக் கடற்கரையிலுள்ள லுவாண்டாவுக்குப் புறப்பட்டார். தம் சாமான்களை நாலு சிறு பெட்டிகளில் அடக்கிவிட்டார். ஒன்றில் துணி, ஒன்றில் மருந்து, ஒன்றில் புத்தகம், ஒன்றில் படம் காட்டும் விளக்கு. வழியெல்லாம் காய்ச்சல் மாற்றிக் காய்ச்சல். 1854 மே மாதம் லுவாண்டா போய்ச் சேர்ந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். கப்பலில் ஊருக்குப் போகலாம் என்று அங்கிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டார். தம்மை நம்பி வந்தவர்களைத் திரும்ப வீட்டில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தாரே! நடந்துதான் அழைத்துப் போனார். அதன்பின் கிழக்கே நடந்து, விக்டோரியா நீர்வீழ்ச்சியைக் கண்டு, 1856இல் மறு கடற்கரையையும் தொட்டார்.

இத்தனை காய்ச்சலுக்கும் அவர் கண்ட மருந்து ஒரு மாத்திரை. கொய்னா, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இரேவற்சின்னி, ஜாலப்பு என்னும் பேதி வேர், காலோமல் என்னும் பாதரச உப்பு ஆகிய நான்கும் சேர்ந்தது. முதலில் வயிறு கழியும். பிறகு காதில் இரைச்சல் கேட்கும்வரை கொய்னா கொடுப்பார். படுத்தவனை எழுப்பும் மாத்திரை என்ற பொருளில் அதற்குப் பெயரே வந்துவிட்டது. பாதரச உப்பு நஞ்சு என்பது இன்று தெரிந்த விஷயம். ஆகவே யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம்! ஆனால் காய்ச்சல் தொடங்கியவுடனே, தயங்காமல், போதுமான கொய்னா கொடுக்க வேண்டும் என்று அவர் கண்டது சரியான வழி. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்தது 1897இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே, காரணம் தெரியாமலே, அனுபவத்தால் இவர் மருந்தைப் பிடித்துவிட்டார்.

அந்த மருந்தும் எல்லாரையும் காக்கவில்லை. 1862 ஏப்ரல் 27ஆம் நாள், சாம்பேசி ஆற்றங்கரையில் ஷுபாங்கா என்ற இடத்தில், அவருடைய மனைவி மேரி காய்ச்சலில் இறந்தார். மருந்து பக்கத்தில் இருந்தது, மருத்துவரான கணவரும் பக்கத்தில் இருந்தார். அப்படியும் உயிர் நிற்கவில்லை. அவர் பட்ட வேதனையை நாம் நினைத்துத்தான் பார்க்க முடியும்.

1866இல் கடைசிப் பயணம் தொடங்கியது. இங்கேதான் பெரியவர்களும் சற்று நின்று கவனிக்க வேண்டும். லிவிங்ஸ்டன் ரொம்ப முன்யோசனைக்காரர். ஒரு சுமை தொலைந்தால் எல்லாம் போய்விடக் கூடாது என்று மற்ற சாமான்களைப் பல மூட்டைகளில் பிரித்து வைத்திருந்தார். ஆனால் மருந்து மட்டும் ஒரே பெட்டியில்! அது போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

1867 ஜனவரி 20. இன்றைய ஸாம்பியா நாட்டுக் காடு, கொட்டும் மழை. எப்போதும் பெட்டியைப் பத்திரமாகச் சுமந்தவன் வழியில் இன்னொருவனோடு சுமையை மாற்றிக்கொண்டான். மாற்றி வாங்கியவனும் அவன் கூட்டாளியும் பெட்டியோடு ஓடிவிட்டார்கள். மழையில் தடமும் போச்சு, கொய்னாவும் போச்சு. தமக்கு மரண தண்டனை விதித்தது போலவே அவருக்கு இருந்தது. இருந்தும், அடிமை வாழ்வில் வளர்ந்தவர்கள் என்று எண்ணி, ஓடியவர்கள் மேல் அவர் பெரிதாகக் கோபம் கொள்ளவில்லை.

திரும்பிவிட்டாரா? இல்லை. வேறு மருந்து கேட்டு, கடற்கரைக்குப் போகும் வணிகர்களிடம் கடிதம் கொடுத்துவிட்டு மேலே நடந்தார். 1869இல் நுரையீரல் காய்ச்சல் கண்டு நடக்க முடியாமல் விழுந்தார். அவரைத் தூளியில் தூக்க ஏற்பாடு செய்து மருந்தும் கொடுத்தவர் யார்? முகமது போகரிப் என்ற அரபு வணிகர். தந்தத்தோடு அடிமைகளையும் விற்றவர். அந்த வணிகத்தை ஒழிக்கத்தான் லிவிங்ஸ்டன் போராடிக்கொண்டிருந்தார்! ஆபத்தில் எந்தக் கை நம்மைத் தூக்கும் என்று யாருக்குத் தெரியும்? உஜிஜி போய்ச் சேர்ந்தால், கேட்ட மருந்து அங்கே வரவில்லை. பல நாள் நடைத் தூரத்தில் வேறோர் ஊரில் கிடந்தது.

1870இல் காலில் புண் வந்து எண்பது நாள் குடிசையிலேயே முடங்கினார். மலக்கைட் என்னும் பச்சைச் செம்புக் கல்லைத் தண்ணீர் விட்டு அரைத்து, பறவை இறகால் புண்ணில் தடவிக்கொண்டார். பெட்டி போனாலும் படிப்பு போகவில்லை, பாருங்கள். 1871இல் ஸ்டான்லி என்ற பத்திரிகையாளர் தேடி வந்து உணவும் மருந்தும் கொடுத்தார். ஊருக்கு வர அழைத்தும் இவர் போகவில்லை. வயிற்றுக்கடுப்பும் இரத்தப்போக்கும் வாட்ட, 1873 மே மாதத் தொடக்கத்தில் சிதம்போ என்ற தலைவரின் ஊரில், கட்டிலருகே மண்டியிட்ட நிலையில் உயிர் நீத்தார்.

சூசி, சூமா முதலிய தோழர்கள் அவரை அங்கேயே விட்டுவிடவில்லை. சான்சிபாரில் ஒரு டாக்டரிடம் வேலை செய்த ஃபரிஜாலா என்பவர், அங்கே கண்ணால் பார்த்துக் கற்றதைக் கொண்டு உடலைப் பதப்படுத்தினார். இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலுக்கு உப்பிட்டு, பதினான்கு நாள் வெயிலில் உலர்த்தி, ஆயிரம் மைலுக்கு மேல் சுமந்து கடற்கரை சேர்த்தார்கள். இலண்டனில் உடல் அவருடையதுதானா என்ற கேள்வி எழுந்தபோது, சிங்கம் நொறுக்கிய அந்த இடது கை எலும்பே சாட்சி சொன்னது. 1874 ஏப்ரல் 18இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தது.

மாணவர்களே, பெட்டியில் உள்ளதை யாரும் எடுத்துக்கொண்டு ஓடலாம். தலையில் உள்ளதை எடுக்க முடியாது. அதற்காகத்தான் படிப்பு. பெற்றோர்களே, உயிர் காக்கும் பொருளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஊருக்குப் போனாலும் காட்டுப் பக்கம் போனாலும் டாக்டர் கொடுத்த மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கூட வருபவரிடம் கொடுத்து வையுங்கள். காய்ச்சல் கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

கூட வருபவரை மதித்து நடங்கள். பெட்டி போன பிறகு லிவிங்ஸ்டனைச் சுமந்தவர்கள் மனிதர்கள்தாமே!