வறுமையை வென்ற வாலஸ்

உயிரினங்கள் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்னும் வினாவிற்கு, டார்வினைப் போலவே தாமாக விடை கண்டவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். அவர் நம் நாட்டு மண்ணிலும் நடந்தவர்.

1823-இல் வேல்ஸ் நாட்டில் பிறந்த வாலஸ், வறுமையால் 14 வயதளவில் பள்ளியை விட்டு நீங்கினார்; நில அளவைத் தொழில் செய்துகொண்டே நூல்களைக் கற்றார். அமேசான் காட்டில் நான்காண்டு உழைத்துத் திரும்புகையில், 1852-இல் கப்பல் தீப்பற்றி, உடன் கொண்டுவந்த சேகரிப்பு அழிந்தது. அவர் சோர்ந்தாரில்லை. 1854-இல் சிங்கப்பூர் வந்து, மலாக்கா சென்று, லேடாங் மலை ஏறினார்.

பின்னர்ச் சரவாக்கில், தாம் சுட்டு வீழ்த்திய ஓராங் ஊத்தானின் குட்டியை ஏறத்தாழ மூன்று மாதம், அஃது இறக்கும்வரை வளர்த்தார். எட்டியதையெல்லாம் அது கைகளால் இறுகப் பற்றியது. அவ்விலங்கின் நெடுங்கைகள் கிளை பற்றுவதற்கு உரியவை. தரையில் அது நிமிர்ந்து நடப்பது அரிது.

1858-இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலுற்றிருந்தபோது விடை தோன்றியது. ஓர் இனத்தில் பிறப்பவை எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சூழலுக்கு ஏற்றவை பிழைத்துப் பெருகுகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் அவர் கட்டுரையும் டார்வினின் எழுத்தும் இலண்டனில் ஒருங்கே படிக்கப்பெற்றன. 1913-இல் வாலஸ் மறைந்தார்.

நம் முன்னோர் நிமிர்ந்து நடந்ததும் இயற்கைத் தேர்வாலேயே என்பர் அறிஞர். ஆப்பிரிக்காவின் லேட்டோலியில் 36 இலட்சம் ஆண்டுப் பழைமையான காலடித் தடங்கள் அந்நடைக்குச் சான்று. நடக்கும் பணியைக் கால்கள் ஏற்றமையால், கைகள் கருவி பிடித்தன.

கோலா கங்சார்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி நம்மை வளர்த்த கைகளும், எழுதுகோல் பிடிக்கும் சிறு கைகளும் அந்நடையின் பேறே. பள்ளியை இழந்தும் அவர் கற்றார். பள்ளியைப் பெற்ற நாம் கற்போமாக!